முப்பத்தொன்பது புள்ளி யோகராசா

கல்லடி யோகராசா ஆங்கிலப் பரீட்சையில் ஆறு தடவை பெயிலானவர். ஆறில் நான்கு தடவை பாடுபட்டுப் படித்துப் பெயிலானவர். பெயில் என்பது சும்மா இருந்தால் தானாக வந்து சேரும் என்று நம்புகிறவர்கள் இந்த மனிதரின் வாழ்க்கையைக் கொஞ்சம் பொறுமையாகக் கேட்க வேண்டும்.

யோகராசாவுக்கு வயது ஐம்பத்துநான்கு. தொழில், ஆற்றில் வீச்சுவலை. வரைபடத்தில் வாவி என்று போட்டிருப்பதைக் கல்லடியில் எவரும் வாவி என்பதில்லை; அது ஆறு. விடியப் புறப்பட்டுத் தோணியில் போனால் ஏழரைக்குக் கரைக்கு வந்துவிடுவார். பட்ட மீனை, காத்தான்குடியிலிருந்து மோட்டார் சைக்கிளில் பெட்டி கட்டிக்கொண்டு வருகிற அசனாரிடம் கொடுத்துவிட்டால் எட்டு மணிக்கு அவருடைய நாள் முடிந்தது. மிச்ச நாளைச் செலவழிக்கக் கடவுள் அவருக்கு ஒரு திறமையைக் கொடுத்திருந்தார். எவ்வளவு நேரமென்றாலும் அவரால் ஒரு கதிரையில் ஆடாமல் இருக்க முடியும்.

இதைப் போய்த் திறமை என்பதா என்று சிரிப்பவர்கள், கடல் ஊருக்குள் வந்த சுனாமி வருடத்துக்குப் பிந்திய மட்டக்களப்பை அறியாதவர்கள். அதன் பிறகு உதவி நிறுவனங்களின் கொடி கட்டிய வாகனங்கள் வரிசையாக வந்தன. வந்தவர்கள் எல்லோருக்கும் எங்களுக்கு எதையாவது கற்பிக்க வேண்டியிருந்தது. கற்பிக்க ஆட்கள் வேண்டும். ஆட்கள் கதிரையில் இருக்க வேண்டும். பின்னேரம் நான்கு மணிக்குக் குழுப்படம் எடுக்கும்வரை எழும்பிப் போகவும் கூடாது. பத்து மணித் தேநீரோடு பாதிப் பேர் வேலி பாய்ந்துவிடுவார்கள். பகல் சாப்பாட்டோடு மற்றப் பாதி. நன்றியுரை சொல்ல ஒருவர் எழும்பும்போது அதைக் கேட்க யோகராசா ஒருவர்தான் மிஞ்சியிருப்பார். அதிகாரிகள் அவருடைய பெருமையை விரைவிலேயே கண்டுகொண்டார்கள். ஆள் குறைந்தால் யோகராசா என்பது மாவட்டம் முழுவதற்கும் எழுதாத சட்டமாயிற்று.

இப்படியாக அவர் தேனீ வளர்ப்பிலும் காளான் செய்கையிலும் அனர்த்த முகாமைத்துவத்திலும் பெண்கள் தலைமைத்துவத்திலும் சான்றிதழ் பெற்றார். முரண்பாட்டுத் தீர்வில் மட்டும் இரண்டு. அதை வழங்கும் நாளில் யார் வழங்குவதென்று இரண்டு நிறுவனங்களுக்கிடையே முரண்பாடு வந்து, கடைசியில் இருவருமே ஒவ்வொன்று கொடுத்தார்கள். ஆடு வளர்ப்புப் பயிற்சியின் முடிவில் ஆடும் ஒன்று கொடுத்தார்கள். அது ஆடு வளர்ப்புச் சான்றிதழைத் தின்றுவிட்டதால், மிஞ்சிய சான்றிதழ்கள் அறுபத்தொன்று.

அறுபத்தொன்றும் லெமினேட் செய்து சுவரில் தொங்குகின்றன. சுவர் அவருடையதல்ல, மனைவி நேசமலருடையது. எங்கள் பக்கம் வீடு பெண்ணுக்கு. கல்யாணம் முடிந்தால் ஆண்தான் உடுப்புப் பையோடு பெண்வீட்டுக்குப் போய்ச் சேருவான். கோபம் முற்றினால் பாயைச் சுருட்ட வேண்டியவனும் அவனே. முப்பது வருடத்துக்கு முன் செட்டிபாளையத்திலிருந்து ஒரு பையோடும் ஒரு வலையோடும் வந்து சேர்ந்த யோகராசா, இந்த உண்மையை ஒரு நாளும் மறந்ததில்லை. ஆகவே ஆணி அடிப்பதற்கு முன் ஒவ்வொரு தடவையும் நேசமலரிடம் அனுமதி கேட்பார்.

அவருடைய வாழ்க்கையின் ஆங்கிலக் காண்டம் மூன்றரை வருடத்துக்கு முன் ஒரு ஸ்கூட்டியில் வந்து இறங்கியது. அதை ஓட்டி வந்தவள் தனுஷியா. வவுணதீவுப் பெண், வயது இருபத்தொன்பது, ஆற்றங்கரையில் இருக்கிற வாவிக்கரை சமுதாயக் கல்லூரியின் ஆங்கில ஆசிரியை. சமுதாயக் கல்லூரி என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். இரண்டு அறை, ஒரு மின்விசிறி, ஒரு பெயர்ப்பலகை. பெயர்ப்பலகைதான் மூன்றிலும் பெரியது. எங்கேயோ குளிர்தேசத்திலிருந்து வருகிற உதவியில் அங்கே சனி ஞாயிறு ஆரம்ப ஆங்கில வகுப்பு நடந்தது. கொடையாளர் விதித்த நிபந்தனை ஒன்றே ஒன்று. வரவு இடாப்பில் இருபது பேர் இருக்க வேண்டும். பத்தொன்பதானால் வகுப்பு மூடப்படும். தனுஷியாவிடம் பத்தொன்பது பேர் இருந்தார்கள்.

"யோகண்ண, நீங்க ஒண்டும் படிக்கத் தேவல்ல. வந்து இருந்தாக் காணும்" என்று தனுஷியா சொன்னாள்.

படிக்கச் சொல்லி அழைத்திருந்தால் யோசித்திருப்பார். இருக்கச் சொல்லி அழைத்தார்கள்; அது அவருடைய துறை. நிபந்தனைகளைச் சொன்னார். ஆற்றைப் பார்த்த யன்னலோரக் கதிரை, பத்து மணிக்கு இரண்டு ரோல்ஸ், பிளேன்டீக்குச் சீனி குறையக் கூடாது. ஒப்பந்தம் முடிந்தது.

முதல் ஆறு மாத முடிவில் பரீட்சை வந்தது. யோகராசா தம்முடைய பெயரையும் திகதியையும் சரியாக எழுதி, மிச்சத்தைத் தெய்வத்தின் மேல் போட்டார். இருபத்தெட்டுப் புள்ளி. சித்தியடைய நாற்பது வேண்டும். மற்றப் பத்தொன்பது பேரும் சித்தியடைந்து, படமெடுத்து, சான்றிதழோடு வீட்டுக்குப் போனார்கள். அப்போதுதான் தனுஷியா கணினிப் படிவத்தில் ஒரு அதிசயத்தைக் கண்டாள். சித்தியடைந்தவரின் அடையாள அட்டை எண்ணைத் திரும்பப் பதிந்தால் கணினி ஏற்காது. பெயிலானவரை மட்டும் 'மீள்பயிலுநர்' என்று எத்தனை தடவையும் ஏற்கும். அடுத்த தொகுதிக்கும் பத்தொன்பது பேர்தான் சேர்ந்தார்கள். அதற்கடுத்ததற்கும் அப்படியே. மட்டக்களப்பில் ஆங்கிலம் படிக்கத் துடிக்கிறவர்கள் ஆறு மாதத்துக்குச் சரியாகப் பத்தொன்பது பேர் என்பது இயற்கையின் ஏற்பாடு போலிருந்தது. ஆரம்ப நாளில் இலவசப் பைக்காக ஐம்பது பேர் வருவார்கள். பை கிடைத்ததும் இயற்கை தன் கணக்குக்குத் திரும்பிவிடும்.

ஆக, யோகராசா பெயிலாகிக்கொண்டிருக்கும்வரை வகுப்பு நடக்கும். சித்தியடைகிற நாளில் வகுப்பும் மூடும், தனுஷியாவும் வேலையில்லாமல் பாலம் தாண்டி வவுணதீவுக்குத் திரும்புவாள். ஒரு கல்லூரியின் தலைவிதி ஒரு மனிதனின் அறியாமையில் இப்படித் தொங்கியதாக வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை.

இரண்டாம் பரீட்சையில் விபத்து நடக்கப் பார்த்தது. ஒரே பாடத்தை இரண்டாம் முறை கேட்டதில், யோகராசாவை அறியாமல் அது உள்ளே இறங்கியிருந்தது. தெரியாத கேள்விகளுக்கு எழுந்தமானமாக அடையாளம் போட்டதில் பாதி சரியாகிவிட்டது. முப்பத்தெட்டுப் புள்ளி. புள்ளிப் பத்திரத்தைப் பார்த்த தனுஷியாவின் முகத்தில் இரத்தமில்லை.

யோகராசா அன்று ஒரு பெரிய உண்மையைக் கண்டார். நான்கு விடைகளில் பிழையான ஒன்றைத் தவறாமல் தெரிவு செய்ய வேண்டுமென்றால், சரியானது எதுவென்று தெரிந்தே ஆக வேண்டும். நம்பிக்கையாகப் பெயிலாக ஒரே வழி, படிப்பது.

படித்தார். தோணியில் கொப்பியைப் பொலித்தீனில் சுற்றி வைத்துக்கொண்டு, இரண்டு வீச்சுக்கிடையே கை ஆறும் நேரத்தில் சொற்களைப் பாடமாக்கினார். கல்லூரி அலுமாரியில் குளிர்தேசத்தார் அனுப்பிய புத்தகங்கள் இருந்தன. சிறுவர் கதைகள் முப்பது, சலவை இயந்திரம் பொருத்தும் விதம் பற்றி ஒன்று. சலவை இயந்திரம் உட்பட அத்தனையையும் வாசித்து முடித்தார். அதிலும் ஒரு நுட்பம் இருந்தது. இருபத்தைந்துக்குக் கீழே எடுத்தால் 'பயிற்சிக்குப் பொருத்தமற்றவர்' என்று வெட்டிவிடுவார்கள். இருபத்தைந்துக்கும் முப்பத்தொன்பதுக்கும் இடையில் எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம். தன்மானமுள்ள மனிதர் என்பதால் யோகராசா முப்பத்தொன்பதைத் தெரிந்தெடுத்தார். மூன்றாம், நான்காம், ஐந்தாம், ஆறாம் பரீட்சைகளில் முப்பத்தொன்பது, முப்பத்தொன்பது, முப்பத்தொன்பது, முப்பத்தொன்பது. வலைக்கயிற்றை அளந்து விடுகிற கை அது. ஒரு புள்ளி கூடவுமில்லை, குறையவுமில்லை.

ஊருக்கு இந்த நுட்பம் விளங்கவில்லை. அசனார் மீனைத் தராசில் போடும்போதெல்லாம் விசாரிப்பார்.

"என்ன மச்சான், ஏ முடிஞ்சிட்டா? இந்த வருசத்துக்குள்ள பீ-க்கு வந்திருவியா?"

யோகராசா தராசு முள்ளைப் பார்ப்பார். வீட்டில் நிலைமை இன்னும் மோசம். முதல் பரீட்சை நாளிலேயே நேசமலர் ஆங்கிலச் சான்றிதழுக்கென்று நடுச்சுவரில் தானே ஒரு ஆணி அடித்து வைத்திருந்தாள். மூன்று வருடமாக அந்த ஆணி வெறுமையாக இருந்தது. வருகிறவர்களெல்லாம் அறுபத்தொன்றையும் விட்டுவிட்டு ஆணியையே பார்த்தார்கள்.

"இஞ்சருங்க, பொம்புளையள்ற தலைமைத்துவத்துக்கே பேப்பர் எடுத்த மனிசன் நீங்க. இங்கிலீசில என்ன முள்ளா கிடக்கு?" என்று ஒரு நாள் நேசமலர் கேட்டாள்.

அவளிடமாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் நேசமலரிடம் சொன்னால் குழாயடிக்குச் சொன்ன மாதிரி. குழாயடியிலிருந்து கொழும்புக்கு அதிக தூரமில்லை. சோற்றைப் பிசைந்தார்.

அவருடைய மனத்தை உறுத்தியது இந்த அவமானமல்ல, வாசல் கதவில் நிற்கிற றுமானா. காத்தான்குடிப் பெண், இருபத்திரண்டு வயது. மூன்றாம் தொகுதியில் எண்பத்தாறு புள்ளி எடுத்துச் சித்தியடைந்தவள். ஆஸ்பத்திரி ஆய்வுகூட வேலைக்குப் படிக்க ஆசைப்பட்டாள். அந்தப் படிப்பு முழுவதும் ஆங்கிலம். அதற்கு ஆரம்ப வகுப்புப் போதாது. இரண்டாம் நிலை எப்போது தொடங்கும் என்று கேட்க, பதினெட்டு மாதமாக ஒவ்வொரு சனியும் வருவாள். பணிப்பாளரும் ஒவ்வொரு சனியும் பரிசீலனையில் உள்ளது என்பார். அவளைப் போலச் சித்தியடைந்தவர்கள் நூற்றுப் பதின்மூன்று பேர் மாவட்டமெங்கும் சான்றிதழைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருந்தார்கள். பெயிலான ஒருவருக்கு மட்டும் கதிரையும் ரோல்ஸும் இருந்தன. யன்னலால் அவளைக் காணும் நாட்களில் யோகராசாவுக்கு இரண்டாவது ரோல்ஸ் இறங்குவதில்லை.

இந்த நிலையில்தான் குளிர்தேசத்தில் யாரோ அறிக்கையை வாசித்துவிட்டார்கள். அறிக்கைகள் வாசிக்கப்படுவதில்லை என்ற நம்பிக்கையில்தான் எழுதப்படுகின்றன. ஆகவே பணிப்பாளர் உதயரூபன் ஆடிப்போனார். ஆனால் வந்த கடிதம் கோபமானதல்ல, உருக்கமானது. ஆறு முறை தோற்றும் ஏழாம் முறை வந்து அமர்கிற அந்த முதிய மீனவரைக் காண வேண்டும், அவரைப் பற்றி ஒரு வெற்றிக்கதை எழுத வேண்டும் என்று ஹென்றிக் என்ற மதிப்பீட்டாளர் வருகிறார் என்றிருந்தது.

வெற்றிக்கதை என்றால் உதயரூபனுக்குக் கை வந்த கலை. நல்ல மனிதர்தான். ஆனால் ஒரு ஆளைப் பார்த்ததும் அவருடைய துன்பம் எத்தனை பக்கத்துக்குத் தாங்கும் என்று கணித்துவிடுவார், தாங்காவிட்டால் கூட்டுவார். கணவன் உயிரோடிருந்த இரண்டு பெண்கள் அவருடைய ஆண்டறிக்கையில் விதவைகளாக இருக்கிறார்கள்.

அவர் வருவதற்கு முதல் நாள் தனுஷியா யோகராசாவின் வீட்டுக்கு வந்து, நேசமலருக்குக் கேட்காத குரலில் ஒரே ஒரு விஷயத்தைத் திருப்பித் திருப்பிச் சொன்னாள். வெள்ளைக்காரருக்கு முன்னால் ஒரு ஆங்கிலச் சொல்லும் வாயில் வரக் கூடாது. வந்தால் இருபது பத்தொன்பதாகும். உதயரூபன் மொழிபெயர்ப்பார், யோகராசா தமிழில் பதில் சொன்னால் போதும். யோகராசா சாமிப் படத்தைப் பார்த்துத் தலையாட்டினார். நேசமலருக்கும் ஒரு பொறுப்பு வந்தது. விருந்தாளிக்குப் பதினொரு மணிக்கு மீன் பொரித்துக் கொண்டுவர வேண்டும்.

ஹென்றிக் வந்தார். ஆறடிக்கு மேல் உயரம், வெயிலில் சிவந்த மூக்கு, கையில் குறிப்புப் புத்தகம். யன்னலோரக் கதிரைக்கு முன்னால் தம் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டார். நடுவில் உதயரூபன். வகுப்பு முழுவதும் மூச்சு விடாமல் பார்த்தது. வாசல் கதவில் வழமைபோல் றுமானா.

இந்த வகுப்புக்கு வருவதற்கு முன் வாழ்க்கை எப்படி இருந்தது என்று ஹென்றிக் கேட்டார். உதயரூபன் தமிழில் கேட்கும்வரை காத்திருந்து, முன்பும் வலை வீசினேன், இப்போதும் வீசுகிறேன், சனி ஞாயிறில் மட்டும் வகுப்பு என்று யோகராசா சொன்னார். அதை உதயரூபன், படகும் போய், வலையும் போய், நம்பிக்கையும் போய் இருட்டில் கிடந்தேன் என்று ஆங்கிலத்தில் சொன்னார். நம்பிக்கை என்ற சொல் பன்னிரண்டாம் பாடத்தில் வருவது. யோகராசா முகத்தை அசைக்கவில்லை. ஒரு மனிதர் தாம் இழக்காத படகை இழந்துவிட்ட செய்தியைத் தம் காதாலேயே கேட்டுக்கொண்டு கல்லாக இருப்பது சாதாரண காரியமல்ல. அறுபத்தொரு பயிற்சிகளின் பலன் அது.

குடும்பம் பற்றிய கேள்வி வந்தது. மனைவி இருக்கிறாள், வீட்டில் மீன் பொரிக்கிறாள் என்றார் யோகராசா. உதயரூபன் ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தார். பிறகு மெதுவான குரலில் ஆங்கிலத்தில், இவர் குடிக்கு அடிமையாகி இருந்தார், பொறுக்க முடியாமல் மனைவி வீட்டை விட்டுப் போய்விட்டாள், அதன் பிறகு இவரைத் தாங்கியது ஆங்கிலம்தான் என்றார். ஹென்றிக் எழுதுவதை நிறுத்தி மூக்கைத் துடைத்தார்.

யோகராசாவுக்குக் குடி சொல்லப்பட்டது பெரிதாகத் தெரியவில்லை. ஆனால் மனைவி வீட்டை விட்டுப் போனாள் என்பதை அவரால் விழுங்க முடியவில்லை. அது பொய் என்பதற்காக மட்டுமல்ல, மட்டக்களப்பில் நடக்கவே முடியாத காரியம் என்பதற்காக. யாருடைய வீட்டை விட்டு யார் போவது? உதயரூபனும் மனைவி வீட்டில் இருக்கிறவர்தான். குளிர்தேசத்தாருக்குப் பிடிக்கிற மாதிரிக் கதை சொல்லப்போய், தாம் எந்த ஊர் மாப்பிள்ளை என்பதையே மறந்துவிட்டார். யோகராசா பல்லைக் கடித்தார். தனுஷியாவின் முகத்தைப் பார்த்தார். பொறுத்தார்.

அந்த நேரம் பார்த்து நேசமலர், பொரித்த ஆற்று மீன் தட்டை வாழையிலையால் மூடிக்கொண்டு உள்ளே வந்தாள். ஹென்றிக் எழும்பி நின்று, அன்பான இந்த அம்மையார் யார் என்று கேட்டார்.

உதயரூபனுக்கு முன்னால் இப்போது வீட்டை விட்டுப் போன மனைவி மீனோடு நின்றாள். வேறொருவராயின் மயங்கி விழுந்திருப்பார். அவர் இமைகூடத் தட்டவில்லை. இவர்தான் யோகராசாவின் அக்கா, தம்பியைத் தனியாகப் பராமரித்து வருகிறார் என்றார்.

முப்பது வருடம் குடும்பம் நடத்திய மனைவி அக்காவானாள். அதுவும் மூன்று வயது மூத்தவரான தம்பிக்கு.

யோகராசா எழும்பினார். எழும்பியதே வகுப்புக்குப் பெரிய செய்தி. அவர் நன்றியுரைக்கு முன் எழும்பி யாரும் கண்டதில்லை. எழும்பி, முதற்புத்தகத்து ஆங்கிலத்தில், ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முற்றுப்புள்ளி வைத்துப் பேசினார்.

"ஐயா, இவர் என்னுடைய அக்கா அல்லர். இவர் என்னுடைய மனைவி. இவர் எங்கேயும் போகவில்லை. நான் இவருடைய வீட்டில் வசிக்கிறேன். இவர் என்னைப் போகச் சொன்னால் நான் போக வேண்டும். என்னுடைய தோணி நலமாக இருக்கிறது. தயவுசெய்து மீனைச் சாப்பிடுங்கள். அது சூடாக இருக்கிறது."

தனுஷியா இடாப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். நேசமலருக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனால் தன் மனிசன் வெள்ளைக்காரனின் மொழியில் நீட்டி முழக்கியதும், உதயரூபன் வேர்த்துக் கொட்டியதும் விளங்கின. கதவில் நின்ற றுமானாவிடம் என்ன நடக்கிறதென்று கேட்டாள். றுமானா ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். வீட்டை விட்டுப் போனது தொடக்கம் அக்காவானது வரை.

நேசமலர் மீன்தட்டை உதயரூபனுக்கு எட்டாத தூரத்தில் வைத்தாள்.

"தம்பி உதயரூபன், நான் என்ட ஊட்ட உட்டுட்டுப் போயிட்டனாம். உங்கட பொஞ்சாதி எனக்கு மச்சாள் முறை தெரியுமா? பின்னேரம் வாறன், உங்கட ஊட்டுக்கு. இல்ல, அவட ஊட்டுக்கு."

உதயரூபன் இதை மொழிபெயர்க்கவில்லை.

ஹென்றிக்குக்கு இரண்டு மீன் முடிந்த பிறகுதான் நிதானம் வந்தது. இவ்வளவு பேசுகிறவர் ஆறு முறை எப்படித் தவறினார் என்று கேட்டார். யோகராசா மறைக்கவில்லை. இருபது என்ற நிபந்தனையை, கணினியை, முப்பத்தொன்பதை, எல்லாவற்றையும் சின்னச் சின்ன வாக்கியங்களாகச் சொன்னார். டீச்சரில் பிழையில்லை என்பதை இரண்டு முறை சொன்னார். பிறகு, யாரும் கேட்காமலே தாமாக ஒரு கேள்வி கேட்டார்.

"ஐயா, நான் சித்தியடைந்தால் எந்த அறைக்குப் போவது?"

ஹென்றிக் சுற்றுமுற்றும் பார்த்தார். ஒரு பெண் உள்ளே வராமல் கதவில் நிற்பது ஏன் என்று அப்போதுதான் விளங்கியது போலும். பக்கத்து அறை எதற்கு என்று விசாரித்தார். பூட்டியிருந்தது. திறப்பு யாரிடமும் இல்லை. ஒருவழியாகப் பூட்டை உடைத்துப் பார்த்தால், உள்ளே தேனீப் பெட்டிகள், காளான் தட்டுகள், உயிர்காப்பு அங்கிகள், ஆறு நிறுவனங்களின் பதாகைகள். யோகராசா ஒவ்வொன்றையும் அடையாளம் கண்டு, எந்த வருடத்தது என்று விருந்தாளிக்கு விளக்கினார். நேசமலரின் சுவரில் தொங்கிய சான்றிதழ்களின் உடல்கள் எல்லாம் அந்த அறையில்தான் கிடந்தன.

ஹென்றிக் நேர்மையான மனிதர். இரண்டாம் நிலை வகுப்பைச் சிபாரிசு செய்வதாகச் சொன்னார். ஆனால் தலைமையகம் எழுத்தில் உள்ளதைத்தான் நம்பும். அவர்களுடைய பதிவில் யோகராசா ஆறு முறை தவறியவர். தாம் சொல்லும் இந்தக் கதையை ஒருவரும் நம்பமாட்டார்கள். மூன்று வாரத்தில் வருகிற ஏழாம் பரீட்சையில் அவர் சித்தியடைந்தால், அதைச் சான்றாக வைத்து இரண்டாம் அறையைத் திறக்கலாம். தவறினால் இரண்டாம் அறையும் இல்லை; உண்மை தெரிந்த பிறகு அவரை இருபதாவது ஆளாக எண்ணவும் முடியாது, ஆகவே முதலாம் அறையும் இல்லை.

மூன்று வருடம் பெயிலாகிக் காப்பாற்றியதை இப்போது பாஸாகிக் காப்பாற்ற வேண்டும். ஊர் சிரித்தது. அசனார் மட்டும் சிரிக்கவில்லை. மீனை நிறுத்து முடித்து, பெட்டியைக் கட்டியபடி சொன்னார்.

"மச்சான், றுமானா என்ட தங்கச்சிட புள்ள. கைய நடுங்க உட்டிராத."

பரீட்சை நாள் வந்தது. மூன்று மணித்தியாலப் பத்திரம். யோகராசா எழுதத் தொடங்கினார். ஒவ்வொரு கேள்வியிலும் கை தானாகப் பிழையான விடைப் பக்கம் இழுத்தது. அதை மறுகையால் பிடித்துத் திருப்ப வேண்டியிருந்தது. ஒன்றரை மணித்தியாலத்தில் பேனையை மூடி வைத்தார். தனுஷியா பக்கத்தில் போய், இன்னும் நேரமிருக்கிறது என்று நினைவூட்டினாள். காணும் டீச்சர் என்று சொல்லிவிட்டு யன்னலால் ஆற்றைப் பார்த்தார்.

வீட்டுக்குப் போனதும் நேசமலர் கேட்டாள். நாற்பதுக்கு எழுதியிருக்கிறேன் என்றார்.

"நூறுக்குத்தானே கேட்டாங்க. நீங்க ஏன் நாப்பதோட நிண்டீங்க?"

"பழகிட்டு. நாலுதரமும் முப்பத்தொம்பதில நிப்பாட்டின கை. ஒரு புள்ளி கூடப் போனதே பெரிய காரியம்."

"அதில ஒண்டு பிழைச்சிருந்தா?"

பதில் இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது. விடைத்தாள்களைத் திருத்துவது கொழும்பில். தனுஷியாவின் கண்ணீருக்கு அங்கே புள்ளி கிடைக்காது. பதினேழு நாள் நேசமலர் அவருக்கு மீன் தலையை மட்டும் போட்டாள். நடுத்துண்டு முடிவைப் பார்த்த பிறகு என்றாள். யோகராசா ஆற்றில் வலையை வீசிவிட்டு, பதினான்காம் கேள்விக்குத் தாம் இட்ட விடையைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தார். அதில்தான் அவருக்குச் சந்தேகம். அது சலவை இயந்திரம் சம்பந்தமில்லாத கேள்வி.

பதினெட்டாம் நாள் முடிவு வந்தது. நாற்பது.

கல்லூரியின் வரலாற்றிலேயே ஆகக் குறைந்த சித்தி அதுதான். அதற்கு முன் எவரும் ஐம்பத்தைந்துக்குக் கீழே சித்தியடைந்ததில்லை. ஆனாலும் அந்த நாற்பதைக் கேட்டு றுமானா கதவைத் திறந்துகொண்டு சித்தியடைந்த பிறகு முதல் தடவையாக உள்ளே வந்து, கதிரை ஒன்றில் சத்தமில்லாமல் இருந்துகொண்டாள். தேனீப் பெட்டிகள் வெளியே போயின. இரண்டாம் அறைக்கு, காத்திருந்த நூற்றுப் பதின்மூன்றில் நாற்பது பேர் முதல் நாளே வந்தார்கள். யோகராசாவுக்கு அங்கே ஆற்றுப் பக்க யன்னல் இல்லை, ரோல்ஸும் ஒன்றுதான். எழுத்தில் புகார் கொடுத்திருக்கிறார், ஆங்கிலத்தில்.

நடுச்சுவர் ஆணியில் சான்றிதழ் ஏறிய அன்று பின்னேரம் வாசலில் ஸ்கூட்டிச் சத்தம் கேட்டது. யோகராசா ஷேர்ட்டைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். தனுஷியா அவரைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்தாள். முதலாம் அறையில் ஒரு ஆள் குறைகிறது, நேசமக்கா இருக்கிறாவா என்று கேட்டாள்.

நேசமலர் மீன் வெட்டிய கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். கேட்டதும் உடனே சம்மதித்தாள். ரோல்ஸ் வேண்டாம், யன்னலும் வேண்டாம். ஆனால் பெயிலாகச் சொல்லக் கூடாது, அதற்கு இந்த வீட்டில் ஏற்கெனவே ஒரு ஆள் இருந்தது போதும் என்றாள். யோகராசா தொண்டையைச் செருமிக்கொண்டு, அப்படியென்றால் ஆறு மாதத்தில் திரும்பவும் பத்தொன்பதாகிவிடுமே என்று தொடங்கினார். இரண்டு பெண்களும் அவரைப் பார்த்தார்கள். யோகராசா ஷேர்ட்டைக் கழற்றப் போய்விட்டார்.

"புள்ள, எனக்கு நெடுகப் படிக்கத் தேவல்ல. அந்த வெள்ளைக்காரன் மறுகா வருவான்தானே. அவன்ட முகத்தப் பாத்து ஒரு கதை சொல்லோணும். நான் ஒருத்தருக்கும் அக்கா இல்ல, நான் என்ட ஊட்டிலதான் இருக்கன். அது எங்க வரும்?"

மூன்றாம் பாடத்தில் வரும் என்றாள் தனுஷியா.

"அப்ப மூண்டில இருந்தே துடங்குங்க."